காவலுக்கு நிறுத்தப்பட்டவர்களே, எழும்புங்கள்!

தோழர்களே!

கடல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. ஒலுவிலுக்குப் போய்ப் பாருங்கள். நாளைக்கு வேண்டாம், இன்றைக்கே போய்ப் பாருங்கள். தென்னை வேரோடு சரிந்து கிடக்கிறது. தோணி இழுத்துவைத்த இடத்தில் அலை அடிக்கிறது. மீன்வாடி எங்கே இருந்தது என்று கேட்டால் விரலை நீட்டிக் காட்டுகிறார்கள். விரல் கடலைக் காட்டுகிறது.

பள்ளக்காட்டுக்கும் போய்ப் பாருங்கள். நம் வீட்டுக் குப்பை அங்கேதான் போய்ச் சேருகிறது. யானை வந்து அதைத் தின்கிறது. தின்ற யானை சாகிறது.

நமக்கு இது தெரியும். தெரிந்துகொண்டேதான் ஞாயிறு காலையில் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு புறப்படுகிறோம். பாடுகிறோம். ஜெபிக்கிறோம். கைகொடுத்துச் சமாதானம் சொல்கிறோம். வீட்டுக்கு வருகிறோம். வாய் திறப்பதில்லை.

எத்தனை ஞாயிறு இப்படிப் போனது, தோழர்களே? இன்னும் எத்தனை ஞாயிறு போகவேண்டும்?

கல்முனைத் தோழர்களே, பாண்டிருப்புத் தோழர்களே, பெரியநீலாவணைத் தோழர்களே, அக்கரைப்பற்றுத் தோழர்களே, தம்பிலுவில் திருக்கோவில் தோழர்களே! மெதடிஸ்தரே, கத்தோலிக்கரே, சபைப் பெயர் எதுவானாலும் சிலுவையின் கீழ் நிற்பவர்களே! உங்களைத்தான் கூப்பிடுகிறேன். இந்தக் கரையில் நாம் சொற்பம் பேர். முஸ்லிம்கள் நடுவில், இந்துக்கள் நடுவில், ஒரு கைப்பிடி உப்பு மாதிரி இருக்கிறோம். நாங்கள் கொஞ்சப் பேர்தானே, நாங்கள் கதைத்து என்ன ஆகப்போகிறது என்ற சாக்கை இருபது வருடமாகக் கேட்டுவிட்டேன். இனிக் கேட்கமாட்டேன். உப்பைக் கொஞ்சமாகத்தான் போடுவார்கள். ஆனால் போடவேண்டும்.

வேதத்தைத் திறவுங்கள். முதல் பக்கத்தைத் திறவுங்கள். ஆதியாகமம் என்று சொல்லுங்கள், தொடக்கநூல் என்று சொல்லுங்கள், புத்தகம் ஒன்றுதான். மனிதன் வருவதற்கு முன்பே வெளிச்சம் நல்லது. கடல் நல்லது. புல் நல்லது. மீன் நல்லது. பறவை நல்லது. யார் சொன்னது? படைத்தவர் சொன்னது. நம்மைக் கேட்டுச் சொல்லவில்லை. நமக்குப் பயன்படுமா என்று பார்த்துச் சொல்லவில்லை. நாம் அப்போது இல்லவே இல்லை.

நமக்கென்று தனியாக ஒரு நாள்கூட ஒதுக்கப்படவில்லை, தோழர்களே! ஆறாம் நாளில் தரையில் நடக்கும் மிருகங்களைப் படைத்தார். அதே ஆறாம் நாளில் நம்மையும் படைத்தார். பள்ளக்காட்டில் விழுந்து கிடக்கிற யானையும் நாமும் ஒரே நாள் பிள்ளைகள். ஒரே கையால் பிறந்தவர்கள்.

அடுத்த அதிகாரத்துக்கு வாருங்கள். மனிதனை மண்ணிலிருந்து உருவாக்குகிறார். எபிரேயத்தில் மண்ணுக்கு ஆதாமா. மனிதனுக்கு ஆதாம். மண்ணிலிருந்து பெயர் எடுத்தவன் அவன். அவனைத் தோட்டத்தில் வைக்கிறார். இரண்டு வேலை கொடுக்கிறார். முதல் வேலைக்கு எபிரேயச் சொல் ஆபாத். பாடுபடுதல், ஊழியம் செய்தல். ஆலயத்தில் லேவியர் செய்த ஊழியத்துக்கும் அதே சொல்தான். இரண்டாவது வேலைக்குச் சொல் ஷாமார். காவல் காத்தல்.

ஷாமார்! இந்தச் சொல்லை நெஞ்சில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு அதிகாரம் தள்ளி இதே சொல் மறுபடி வருகிறது. காயீனுடைய வாயில் வருகிறது. தம்பியை வயலில் கொன்றுபோட்டு நிற்கிறான். தம்பி எங்கே என்று கர்த்தர் கேட்கிறார். அவனுக்குக் காவல் நானா என்று காயீன் திருப்பிக் கேட்கிறான்.

தோட்டத்துக்குக் காவல். தம்பிக்குக் காவல். ஒரே சொல், தோழர்களே! ஒரே கட்டளை! தோட்டத்தைக் கைவிட்டவன் தம்பியையும் கைவிடுவான். ஆபேலின் இரத்தம் எங்கிருந்து முறையிட்டது? மண்ணிலிருந்து முறையிட்டது. மண் சாட்சி சொன்னது. இன்றைக்கும் சொல்கிறது.

நமக்கு இதையா சொல்லித்தந்தார்கள்? ஆண்டுகொள்ளுங்கள் என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டோம். 1967-இல் லின் வைட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 'சயன்ஸ்' இதழில் நம்மேல் குற்றம் சாட்டினார். இயற்கை மனிதனுக்காகவே இருக்கிறது என்று கற்பித்த மேற்குலகக் கிறிஸ்தவம் இந்தச் சீரழிவின் பெரும் பழியைச் சுமக்கிறது என்று எழுதினார். படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு நம் சபைகளைப் பார்த்தேன். வேதத்தைப் பற்றி அவர் சொன்னது பாதிதான் சரி. நம்மைப் பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி.

அதே கட்டுரையில் அசிசி பிரான்சிஸைச் சூழலியலாளருக்குப் பாதுகாவலராக வையுங்கள் என்றும் அவர் கேட்டார். சூரியனை அண்ணன் என்றும் தண்ணீரை அக்கா என்றும் அழைத்த அந்தப் பிரான்சிஸை 1979-இல் பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். சொரூபத்துக்கு மாலை போட்டோம். அண்ணனையும் அக்காவையும் மறந்தோம்.

ஆளுகை என்றால் என்னவென்று வேதத்திலேயே பாருங்கள். ஆகாப் அரசன். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்துக்கு ஆசைப்பட்டான். ஆளைக் கொன்று எடுத்துக்கொண்டான். அடுத்த கணம் எலியா தோட்ட வாசலில் வந்து நிற்கிறார். அரசனானாலும் அடுத்தவன் நிலத்தில் கைவைத்தால் தீர்க்கதரிசி வந்து நிற்பார். நம் கரையில் யார் வந்து நிற்பது? எலியா வரமாட்டார். நாம்தான் நிற்கவேண்டும்.

இன்னொரு போதனை நம் தெருக்களில் ஒலிபெருக்கி வைத்து அலைகிறது. உலகம் எப்படியும் எரிந்து போகும், நாம் பரலோகம் போகிறவர்கள், கடலைப் பற்றி நமக்கென்ன கவலை என்று கேட்கிறது. தோழர்களே, இது பழைய கள்ளப் போதனை! உடலும் மண்ணும் கேடு, ஆவி மட்டும் போதும் என்றவர்களை இரண்டாம் நூற்றாண்டிலேயே லியோன் நகர் ஆயர் இரேனேயு எதிர்த்து நின்றார். படைத்தவரும் மீட்பவரும் ஒரே கடவுள் என்று அடித்துச் சொன்னார். திருச்சபை அவர் பக்கம் நின்றது. அன்றைக்குத் தோற்ற போதனைக்கு இன்றைக்கு ஆமேன் சொல்கிறோமா?

நோவாவிடம் செய்த உடன்படிக்கையை எடுங்கள். மனிதனோடு மட்டுமா செய்தார்? பேழையிலிருந்து இறங்கிய ஒவ்வொரு உயிரோடும் செய்தார். திரும்பத் திரும்ப அதையே சொல்கிறார். யோனாவின் புத்தகம் எப்படி முடிகிறது? நினிவேயின் ஆடுமாடுகளை நினைத்து இரங்குகிற கடவுளோடு முடிகிறது. ரோமருக்கு எழுதிய கடிதத்தின் எட்டாம் அதிகாரத்தில் பவுல் படைப்பு முழுவதும் பிரசவ வேதனையில் தவிப்பதைக் கேட்கிறார். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசியில் நாம் மேலே பறந்து போவதில்லை. நகரம் கீழே இறங்கி வருகிறது. இந்தப் பூமிக்கு வருகிறது. பூமியைக் கெடுக்கிறவர்களுக்கு அதே புத்தகம் தண்டனை சொல்கிறது. பதினோராம் அதிகாரம். வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

கடவுள் மாம்சம் எடுத்தார் என்று அறிக்கையிடுகிறோமே! மாம்சம் என்றால் என்ன? மண், தண்ணீர், உப்பு, மூச்சு. கோதுமை இல்லாமல் நமக்குத் திருவிருந்து உண்டா? தண்ணீர் இல்லாமல் ஞானஸ்நானம் உண்டா? எந்தத் தண்ணீர்? நம் கிணற்றுத் தண்ணீர். சுனாமி வந்து உப்பாக்கிவிட்டுப் போன அதே கிணறுகளின் தண்ணீர்.

சுனாமியைப் பற்றிக் கதைக்காமல் இந்தக் கரையில் கடவுளைப் பற்றிக் கதைக்க முடியாது.

2004 டிசெம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. போயா தினம். நத்தார் முடிந்த மறுநாள் காலை. புது உடுப்பு இன்னும் கொடியில் கிடந்தது. இலங்கையிலேயே அதிகம் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். மையவாடியிலும் சேமக்காலையிலும் இடுகாட்டிலும் ஒரே நாளில் குழி வெட்டினோம். யார் எந்தச் சமயம் என்று தெரியாத உடல்களையும் புதைத்தோம்.

அப்போது சிலர் வந்தார்கள். பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்றார்கள். நம் பிரசங்க பீடத்திலும் சிலர் சொன்னார்கள். சிலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று பதிலும் சொன்னவர் யார்? நம் ஆண்டவர். அவர் மறுத்ததை நாம் பிரசங்கித்தோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முகத்தைப் பார்த்துப் பிரசங்கித்தோம். அதற்கு இன்னும் நாம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவேண்டும்.

பூமியின் தட்டு நகர்ந்தது. கடல் எழும்பியது. அதை நாம் வரவழைக்கவில்லை. ஆனால் இன்று ஒலுவிலில் நடப்பதை மனிதக் கை வரவழைத்தது. இரண்டையும் குழப்பாதீர்கள். கடவுள்மேல் போடாதீர்கள். கடல்மேலும் போடாதீர்கள்.

ஒலுவிலைச் சொல்கிறேன், கேளுங்கள். டென்மார்க்கில் கடன் வாங்கினார்கள். துறைமுகம் கட்டினார்கள். 2013 செப்டெம்பர் 1-இல் அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச வந்து திறந்துவைத்தார். கப்பல் வரும் என்றார்கள். வேலை வரும் என்றார்கள். வணிகக் கப்பலை நம்பி இருந்த சனத்துக்கு மணல்தான் வந்தது.

கடலோரத்து மணல் சும்மா கிடப்பதில்லை. அது நடக்கும். அலை சாய்வாக அடிக்க அடிக்கக் கரையோரமாக ஊர்ந்துகொண்டே போகும். இந்தக் கரையில் வருடக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. வடக்கே கரைவதைத் தெற்கேயிருந்து வருகிற மணல் ஈடுசெய்யும். இதுதான் கடலின் கொடுக்கல் வாங்கல். நம் தாத்தாமார் காலத்துக்கு முன்பிருந்தே நடக்கிற கொடுக்கல் வாங்கல். அதன் குறுக்கே கல்லைக் கொட்டி அலைதடுப்பு எழுப்பினார்கள். தெற்குப் பக்கம் மணல் முட்டி நின்றது. துறைமுக வாயிலை அடைத்தது. வடக்குப் பக்கம் பட்டினி கிடந்தது. பட்டினி கிடந்த கரையைக் கடல் அரித்துத் தின்றது.

நல்லது என்று கடவுள் சொன்ன ஒழுங்கு இது. அந்த ஒழுங்கைக் கணக்கில் எடுக்காமல் கட்டினார்கள். கணக்குத் தப்பியதற்கு யார் வட்டி கட்டுகிறார்கள்? ஒலுவில் மீனவன் கட்டுகிறான். நிந்தவூர்க் கரைவலைக்காரன் கட்டுகிறான். அவன் கையெழுத்துப் போடாத கடனுக்கு அவனுடைய வளவு போகிறது.

அடுத்த அநியாயத்தைப் பாருங்கள். ஒலுவில் மக்கள் துறைமுகத்தை மூடச் சொல்கிறார்கள். வாயிலில் சேர்ந்த மணலைத் தோண்டச் சொல்கிறார்கள் கல்முனை, சாய்ந்தமருது ஆழ்கடல் படகுக்காரர்கள். இவனுக்கு நிலம் போகிறது. அவனுக்குத் தொழில் போகிறது. இருவரும் சொல்வது நியாயம். ஏழையும் ஏழையும் வீதியில் முட்டிக்கொள்கிறார்கள். முட்டவிட்டவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள்.

நடுவில் யார் போய் நிற்பது? நாம் நிற்கலாமே! இரு தரப்பிலும் சேராதவர்கள் நாம். தோண்டுகிற மணலை வடக்குக் கரைக்கே கொண்டுபோய்க் கொட்டு, நிலம் இழந்தவனுக்கு முழு நட்டஈடு கொடு என்று இருவருக்குமாகச் சேர்த்துக் கேட்கலாமே! ஏன் கேட்கவில்லை? பயம். வேறு ஒன்றுமில்லை, பயம்!

பள்ளக்காட்டில் நம் பழி இன்னும் நேரானது. 2008-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு அமைத்த குப்பைமேடு. ஒன்பது ஊர்களின் குப்பை போகிறது. தரம் பிரிப்பதில்லை. மீள்சுழற்சி இல்லை. 2014-இல் மின்வேலியில் இடி விழுந்தது. திருத்தவில்லை. யானைகள் உள்ளே வந்தன. 2022 ஜனவரியில் உலகச் செய்தி நிறுவனங்கள் படம் எடுத்துப் போட்டபோது, எட்டு வருடத்தில் ஏறக்குறைய 20 யானைகள் செத்திருந்தன. வயிற்றை அறுத்துப் பார்த்த மிருக வைத்தியர்கள் கண்டது பொலித்தீன். உணவுச் சுற்று. பிளாஸ்டிக். நாடு முழுவதும் வனவிலங்குகள் திரியும் இடங்களில் இப்படி 54 குப்பைமேடுகள் இருப்பதாக அப்போது சொல்லப்பட்டது. அவற்றைச் சுற்றி 300 யானைகள் அளவில் அலைவதாகவும் சொல்லப்பட்டது.

அந்த வயிற்றில் யாருடைய பொலித்தீன் இருந்தது, தோழர்களே? சபை ஆண்டு விழாவில் சோற்றுப் பார்சல் கொடுத்தோமே! லஞ்ச் சீட்டில் சுற்றித்தானே கொடுத்தோம்? 2017 செப்டெம்பரில் அரசாங்கம் தடைசெய்த அதே லஞ்ச் சீட். ஜெபித்துவிட்டுச் சாப்பிட்டோம். சுருட்டிப் போட்டோம். லொறி அள்ளிக்கொண்டு போனது. நம் நன்றி ஜெபம் யானையின் குடலில் போய்ச் சுற்றிக்கொண்டது.

எழுதும்போது கை நடுங்குகிறது. நடுங்கட்டும். உங்களுக்கும் நடுங்கவேண்டும்.

யானை காட்டிலே சாகிறது, மனிதன் ஊரிலே சாகிறான், இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். 2024 நவம்பர் 26-ஐ மறந்துவிட்டீர்களா? மத்ரஸா விட்டு வீடு திரும்பிய பிள்ளைகள். உழவு இயந்திரத்தில் ஏறினார்கள். காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. வெள்ளைத் தொப்பி போட்ட பிள்ளைகள். நம் பிள்ளைகள். வயலை மேடாக்கி வீடு கட்டினோம். வெள்ளம் வடியும் தோணாவைக் குப்பையால் அடைத்தோம். தண்ணீருக்கென்று கடவுள் வைத்த இடத்தை எல்லோரும் பங்கு போட்டோம். மழை வந்தபோது தண்ணீர் வீதிக்கு வந்தது.

தம்பி எங்கே என்று கேட்டால் என்ன சொல்லப் போகிறோம்? அவன் வேறு சமயம் என்றா? அவனுக்குக் காவல் நானா என்றா?

சொல்லுங்கள், தோழர்களே! மௌனமாக இருக்காதீர்கள்! காயீனாவது வாய் திறந்து பதில் சொன்னான்.

உங்களில் சிலருடைய மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். 2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டு. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். அந்தக் காயம் ஆறவில்லை. எனக்கும் ஆறவில்லை. ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில், குண்டு வைத்தவர்களின் கூட்டாளிகள் ஒளிந்திருந்த ஒரு வீடு வெடித்தது. அந்த வீட்டுக்கு வந்தவர்கள்மேல் சந்தேகப்பட்டு முன்னால் போய் நின்றவர்கள் யார்? பாதுகாப்புத் தரப்புக்குத் தகவல் போகக் காரணமானவர்கள் யார்? சாய்ந்தமருது முஸ்லிம்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்தார்கள். அவர்கள் நமக்குக் காவல் நின்றார்கள். நாம் அவர்களுக்குக் காவல் நிற்கவேண்டாமா?

அதே வருடம் ஜூன் மாதம். கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தச் சொல்லி உண்ணாவிரதம் இருந்தோம். மதகுருக்களும் இருந்தார்கள். எதிர்த்து முஸ்லிம்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் சொல்ல நியாயம் இருந்தது, அதை இங்கே தீர்க்க நான் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். எந்தப் பக்கம் கோடு கீறினாலும் கிழக்கு எல்லை எது? கடல். அந்த எல்லையைக் கடல் யாரையும் கேட்காமல் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறது. எல்லைக்காகப் பட்டினி கிடக்கத் தெரிந்த நமக்கு, கரைக்காக ஒரு நாள் நிற்கத் தெரியாதா?

பக்கத்து வீட்டு முஸ்லிம் தோழனிடம் கேளுங்கள். மனிதன் பூமியில் கலீபா, பிரதிநிதி, சொந்தக்காரன் இல்லை என்பான். பூமி அமானிதம், திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருள் என்பான். மீஸான் என்பான். அல்லாஹ் வைத்த அளவைக் குலைக்காதே என்று குர்ஆனில் இருக்கிறது என்பான். கியாமத் நாள் வந்து நின்றாலும் கையில் இருக்கிற கன்றை நட்டுவிடு என்று நபிகள் சொன்னதை எடுத்துச் சொல்வான். நம்முடைய ஷாமார், அவனுடைய அமானிதம். இரண்டும் ஒரே மணலில் நிற்கின்றன. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீ மிதிக்கிறவனும் இதே மண்ணைத்தான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். இவர்களை விட்டுவிட்டு நாம் மட்டும் எதைக் காக்கப் போகிறோம்?

கரையில் அடம்பன் கொடி பார்த்திருக்கிறீர்களா? தனிக் கொடியைப் பிடுங்க ஒரு சின்னப் பிள்ளை போதும். படர்ந்து பின்னிவிட்டால் மணலையே பிடித்து நிறுத்தும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் கிழவிகள் சொன்னது சும்மா இல்லை. கடலரிப்பைப் பார்த்தவர்கள் சொன்னது. திருக்கோவிலில் இல்மனைட் மணலுக்குக் கண் வைத்தபோது சனம் அப்படித்தான் திரண்டு நின்றது.

சபைகள் அசையாது என்று சொல்லாதீர்கள். அசைந்திருக்கின்றன. 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் இலங்கைக்கு வந்தார். மடுவுக்குப் போனார். கொழும்பிலிருந்து மணிலாவுக்குப் பறக்கும் விமானத்தில் பத்திரிகையாளர்கள் கேட்டபோது, இயற்கைக்கு நேரும் கேட்டில் பெரும்பங்கு மனிதனால்தான் வருகிறது என்றார். எழுதிக்கொண்டிருக்கிற மடலைப் பற்றிச் சொன்னார். நம் மண்ணிலிருந்து புறப்பட்ட விமானத்தில் சொன்னார்! அந்த மே மாதம் 'லவ்தாத்தோ சி' கையெழுத்தானது. பூமியின் அழுகையும் ஏழையின் அழுகையும் ஒன்று என்றது அந்த மடல். அதற்கு 18 வருடம் முந்தி, 1997-இல், கொன்ஸ்தாந்திநோப்பிள் முதுபெரும் தந்தை பர்த்தலோமேயு இயற்கைக்குச் செய்யும் கேட்டைப் பாவம் என்றே சொல்லிவிட்டார். பாவம்! பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய பாவம். நாம் எப்போதாவது சொல்லியிருக்கிறோமா?

2021-இல் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கியது. ஆயிரத்து அறுநூறு தொன்னுக்கும் மேலான பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. ஆமைகள் செத்து ஒதுங்கின. கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித் ஆண்டகை மீனவர்களோடும் சூழல் அமைப்போடும் உயர் நீதிமன்றம் போனார். 2025 ஜூலையில் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அதே வருடம் மன்னாரில் காற்றாலைக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராகச் சனம் வீதியில் இருந்தது. குருவானவர்கள் அங்கியோடு அவர்களுடன் இருந்தார்கள்.

மேற்கில் நின்றார்கள். மன்னாரில் நின்றார்கள். கிழக்கில் நாம் எங்கே?

போதகர் ஐயாமாரே, அருட்தந்தையரே, இந்த வாரம் ரோமர் எட்டாம் அதிகாரத்தைப் பிரசங்கியுங்கள். ஒலுவில் என்ற பெயரைப் பீடத்திலிருந்து சொல்லுங்கள். பள்ளக்காடு என்ற பெயரைச் சொல்லுங்கள். பெயர் சொல்லாமல் பொதுவாக ஜெபித்தது போதும். இந்த வருடம் செப்டெம்பர் முதலாம் திகதி தொடங்கி அக்டோபர் நாலாம் திகதி பிரான்சிஸ் திருநாள் வரை உலகச் சபைகள் படைப்பின் காலம் கொண்டாடும். நாம் அதைக் கடற்கரையில் கொண்டாடுவோம்.

தாய்மாரே, சபைச் சமையலறையின் திறப்பு உங்கள் கையில் இருக்கிறது. லஞ்ச் சீட்டை உள்ளே விடாதீர்கள். வாழையிலை இருக்கிறது. தட்டு இருக்கிறது. கழுவ நாங்கள் இருக்கிறோம். ஆண்களும் வந்து கழுவுவோம். உக்கும் குப்பையைக் கோயில் வளவிலேயே புதைப்போம். லொறிக்குக் கொடுப்பதைப் பிரித்துக் கொடுப்போம். பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டுபோ என்று உள்ளூராட்சிச் சபைத் தவிசாளரின் வாசலில் போய்க் கேட்போம். வேலியைக் கட்டு என்று கேட்போம். கட்டும்வரை கேட்போம்.

இளைஞர்களே, நீங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தாரிடம் போங்கள். தயங்காதீர்கள். ஜும்ஆ முடிந்ததும் போங்கள். ஸலாம் சொல்லுங்கள். உங்கள் கரைக்கு நாங்களும் காவல் வருகிறோம் என்று சொல்லுங்கள். நட்டஈட்டு மனுவில் உங்கள் பெயருக்குக் கீழே எங்கள் பெயரையும் எழுதுங்கள் என்று சொல்லுங்கள். கோயில் வண்ணக்கர்மாரிடமும் போங்கள். கதவு சாத்தினால் மறுபடி போங்கள்.

கேலி செய்வார்கள். செய்யட்டும். அரசியல் என்பார்கள். சொல்லட்டும். வெளிநாட்டுக் காசு என்பார்கள். நம் கை வெறுங்கை, காட்டுவோம். பயமாக இருக்கிறதா? எனக்கும் பயமாக இருக்கிறது. பயத்தோடேயே வாருங்கள். கையைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

அடுத்த மாரிக்கு முன் வாருங்கள். வாடைக் காற்று எழும்பினால் அலை இன்னும் உயரும். இந்த வருடம் போகிற நிலம் திரும்பி வராது.

வரும் ஞாயிறு, தோழர்களே. ஆராதனை முடிந்தவுடன். பூசை முடிந்தவுடன். வீட்டுக்குப் போகாதீர்கள். கல்முனைக் கடற்கரைக்கு வாருங்கள். கடற்கரைப் பள்ளிக்குப் பக்கத்து மணலில் நிற்கிறோம். அண்ணனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அக்காவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வருகிற வழியில் பக்கத்து வீட்டு முஸ்லிம் காக்காவின் கதவையும் தட்டுங்கள்.